குறுக்குப் பலகை

வின்னிபெக்கின் வடக்கு ஓரத்தில்
கூரைச் சட்டங்கள் செய்கிற தொழிற்சாலை.
எட்டு மணி நேரம்
முக்கோணி அடுக்குகிறேன்.
"முக்கோணம்" என்கிறாள் கரூர் மோகனவல்லி.
முக்கோணிதான்.
வவுனியாவில் எங்கள் கணிதப் புத்தகத்தில்
அப்படித்தான் இருந்தது.
தேநீர் இடைவேளை பத்து நிமிடமும் இதிலேயே போகும்.
வாசில் வந்து "ட்ரஸ்" என்று ஒற்றைச் சொல்லில்
இருவரையும் வேலைக்குத் துரத்துவான்.

தேவாலயம் என்றால் உயர்ந்த இருசமபக்கம்,
இரண்டு சரிவும் ஒன்றுக்கொன்று கடன் வைக்காமல்.
கராஜ் என்றால் செங்கோணம்:
ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கும்,
ஒரு பக்கம் படுத்துக் கிடக்கும்,
மூன்றாவது
பனியை வழித்துக் கீழே தள்ளும்.
சமபக்கம் அபூர்வம்.
மூன்று வருடத்தில் ஒரேயொரு ஓர்டர்,
கிம்லியில் யாரோ ஒருவரின் ஏரிக்கரைக் குடிலுக்கு.
அறுபது, அறுபது, அறுபது.
அடித்து முடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
எப்படித் திருப்பி வைத்தாலும் அதே முகம்.
வடிவுதான்.
ஆனால் அதனிடம் கேட்க ஒன்றுமில்லை.

மற்றதெல்லாம் சமனில் பக்கம்,
பழைய வீட்டில் புதிய அறையை ஒட்டுகிறவர்களுக்கு.
ஒரு கோணம் விரிந்து சோம்பல் முறிக்க
மற்ற இரண்டும் ஊசியாகும்.
இருக்கிற நூற்றெண்பது பாகையைத்தான்
மூன்றும் பங்கு போட வேண்டும்,
கூடக் கேட்க இடமில்லை.

வீட்டிலும் மூன்று பேர்.
எனக்குப் பகல் வேலை, குகதீசனுக்கு இரவு,
சாருஜாவுக்கு ஒன்பதாம் வகுப்பு.
நவம்பரிலிருந்து அவரும் நானும்
மகள் வழியாகப் பேசிக்கொண்டோம்.
"அப்பாட்டச் சொல்லு, ஹைட்ரோ பில் இன்னும் கட்டேல்லையாம்."
"அம்மாட்டச் சொல்லு, அது நேற்றே கட்டியாச்சு."
இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகை
மூன்றாம் பக்கத்தைவிட எப்போதும் பெரிது.
பரீட்சையில் நிறுவி
முழுப் புள்ளி வாங்கியிருக்கிறேன்.
என்றாலும் தினமும் சுற்றியே போனேன்.

மார்ச்சில் ஒரு இரவு
சாருஜா தட்டை வைத்துவிட்டு எழும்பினாள்.
"எனக்குச் சோதனை இருக்கு.
இனி நீங்களே சொல்லிக்கொள்ளுங்கோ."
உச்சி எழுந்து போனால்
மிஞ்சுவது ஒரு கோடு.
அந்தக் கோட்டில்
மூன்று கிழமையாக ஒருவரும் நடக்கவில்லை.

பின்வளவில் ஒரு கொட்டில்.
போன இலையுதிர்காலத்தில்
தொழிற்சாலைக் கழிவு மரத்தில் கட்டியது,
பனி அள்ளும் மெஷின் வைக்க.
நான்கு மூலையும் தொண்ணூறு,
மட்டம் வைத்துப் பார்த்தவர் அவர்.
ஏப்ரல் காற்றில் அது கிழக்கே சாய்ந்தது.
நாற்கரத்துக்குப் பொய் சொல்லத் தெரியும்.
பக்கம் ஒன்றும் நீளாது, குறையாது,
ஆளே வேறாகிவிடும்.
முக்கோணிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.
மூன்று நீளம் சொன்னால், சொன்னதுதான்.

நாள் முழுக்க முக்கோணி அடிக்கிறவள்
சொந்தக் கொட்டிலில் ஒன்றுகூட வைக்கவில்லை.
மோகனவல்லி சிரித்த சிரிப்பில்
தேநீர் மூக்கால் வந்தது.

சனிக்கிழமை.
பத்தடிப் பலகை, தனியே பிடிக்க முடியவில்லை.
இரவு வேலை முடித்துப் படுத்திருந்தவர்
சப்பாத்து நாடா கட்டாமல் வெளியே வந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
தோளைக் கொடுத்துச் சுவரைத் தள்ளினார்.
மரம் முனகியது.
நான் பின்சுவரில்
கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்குப் பலகையைச் சாய்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் மேல."

யாரிடம் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.
சாருஜா நூலகத்தில்.
வேலியில் ஒரு அணில்.

"இவ்வளவு காணுமா?"
"காணும். அடி."

ஆறு ஆணி.
இரண்டு கோணலாய்ப் போயின.
கதவு இப்போது மூடுகிறது,
கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்.

பின்சுவரில் இப்போது இரண்டு செங்கோண முக்கோணிகள்,
நடுவில் ஒரே செம்பக்கம்.
மோகனவல்லி அதைக் கர்ணம் என்பாள்.
திங்கட்கிழமை இடைவேளைக்கு
அது போதும்.